மதியம் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டிய பெயர்

என் மாமனாரின் பெயரை நான் பத்தொன்பது வருஷமாக ஒரு முறைகூடச் சொன்னதில்லை. எங்கள் மலையூரான கோச்கோர் பக்கத்தில் மாமனார் பெயரை வாயால் சொல்கிற மருமகள் கிடையாது. அவர் பெயர் ஒரு பறவையின் பெயரும்கூட. அதனால் அந்தப் பறவை தலைக்கு மேலே பறந்தாலும் "கோணமூக்கு போகுது பாரு" என்றுதான் சொல்வேன். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்காக வழக்கம் தளர்ந்துவிடவில்லை. எழுதினால் குற்றமில்லை என்பார்கள். ஆனாலும் என் வார்த்தையாக அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பெயரில்தான் எங்கள் கூடார விடுதியின் இணைய முகவரி இருந்தது. மாமனார் இரண்டே கூடாரங்களோடு தொடங்கியது. இன்று பதினொன்று இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் அந்த முகவரிக்குத்தான் எழுதிக் கேட்டு வருவார்கள். வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டியவர் என் கணவர் எமில். நான்கு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மகாராஜா ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "உங்கள் பக்கம் திறக்கவில்லையே" என்று ஒரு ஜெர்மானியப் பெண்மணி என் கைபேசிக்குச் செய்தி அனுப்பிய பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் எமில் மந்தையை ஓட்டிக்கொண்டு சோங்கோல் ஏரிக்கரைக்கு ஏறிவிட்டார். அங்கே சிக்னல் கிடையாது. கணவாயில் பனி இன்னும் உருகவில்லை. போய் இழுத்து வரலாம் என்றால் வண்டியும் ஏறாது.

சரி, நானே பதிவு செய்துவிடுகிறேன் என்று காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். நான் இயந்திரம் இல்லை, மனுஷிதான் என்று நிரூபிக்கப் போக்குவரத்து விளக்கு இருக்கும் படங்களை எல்லாம் தொடச் சொன்னது. தொட்டேன். பிறகு படகுகளாம். எங்கள் ஊரில் படகை யார் பார்த்தது? அதையும் தேடித் தொட்டேன். கடைசியில் "உங்கள் எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பியுள்ளோம்" என்றது. யார் எண்ணுக்கு? எமில் எண்ணுக்கு! அந்தக் கைபேசி மலை மேலே அவர் சட்டைப்பையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஐந்து முறை முதலிலிருந்து செய்தேன். ஐந்து முறையும் ரகசிய எண் மலைக்குத்தான் போனது.

பதினோரு மணிக்குத் தலைநகர் பிஷ்கேக்கில் உள்ள பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டார்கள், அதுவும் ஒரே பாட்டு. அப்புறம்தான் ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், மீரிம் பேசுறேன். சொல்லுங்க அக்கா."

கதை முழுவதையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பண்ணிடலாம் அக்கா. ஆனா இன்னைக்கு மதியம் பன்னிரண்டு வரைக்கும்தான் பழைய சொந்தக்காரங்களுக்கு முன்னுரிமை. அதுக்கப்புறம் யார் வேணாலும் எடுக்கலாம். இந்தப் பேருக்கு இன்னொருத்தங்க ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டுக் காத்துட்டிருக்காங்க."

"யாரு?"

"பந்தயம் கட்டுற கம்பெனி ஒண்ணு. குதிரை, கால்பந்து, எல்லாம்."

போன வருஷம் எதிர்த்தெரு விடுதிக்காரருக்கும் இதே கதிதான். அவர் முகவரியைத் திறந்தால் இன்றைக்கும் சீட்டுக்கட்டு ஆடுகிறது.

"அப்ப உடனே எங்க பேர்ல போடும்மா."

"போடுறேன். போன்ல விண்ணப்பம் கொடுத்தா ஒரு விதி இருக்கு. என்ன பேருன்னு நீங்க வாயால சொல்லணும். அதைப் பதிவு பண்ணி வைப்போம். சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். உன் முன்னாடி திரையில அந்தப் பேர் இருக்குல்ல? அதேதான்."

"நான் படிச்சா செல்லாது. நீங்க சொல்லணும்."

"எழுதி அனுப்பட்டுமா?"

"குரல்தான் வேணும் அக்கா."

"அது என் மாமனார் பேரும்மா."

"சரி, சொல்லுங்க."

"நீ நகரத்துல பொறந்தவளா?"

"ஆமா, ஏன்?"

"ஒண்ணுமில்ல. அதான் கேட்டேன்."

என் மகளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். பேத்தி சொல்லலாம், அதில் குற்றமில்லை. பதினெட்டு ஆகாதவர் குரல் செல்லாதாம். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வரட்டுமா என்றேன். குடும்பத்து ஆளாக இருக்க வேண்டுமாம். எமிலை நினைத்துப் பல்லைக் கடித்தேன். அவர் நாக்குக்கு எந்தத் தடையும் இல்லை. அப்பா பெயரை ஊரெல்லாம் கூவலாம். அந்த நாக்கு இப்போது ஏரிக்கரையில் குதிரைப்பால் குடித்துக்கொண்டிருக்கும்.

முற்றத்தில் என் மாமியார் துணி விரித்துத் தயிர் உருண்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்தார்.

"யார்கிட்ட இப்படிக் கத்துற?"

சொன்னேன். பந்தயக் கம்பெனி என்றதும் அவர் முகம் மாறியது.

"சூதாட்டமா? அவர் பேர்லயா? வாழ்நாள்ல ஒரு தடவ சீட்டைத் தொட்டிருப்பாரா அந்த மனுஷன்?"

"அதான் அத்தை. மணி பதினொண்ணு ஐம்பது. நான் சொல்லிடறேன். நீங்க கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க, காதுல விழவேண்டாம்."

அத்தை போகவில்லை. "நான் வந்த இந்த அம்பத்திரண்டு வருஷத்துல இந்த வீட்டுல எந்த மருமகளும் மாமனார் பேரைச் சொன்னதில்ல," என்றார்.

"இன்னைக்குச் சொல்லலைன்னா நாளைக்கு எந்தச் சூதாடியும் சொல்லுவான்!" நான் கத்தியேவிட்டேன். மாமியாரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பதினொன்று ஐம்பத்து நான்கு.

"அக்கா," என்றாள் மீரிம், "ஆறு நிமிஷம்தான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தேன். முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அதற்குள் தயிர் வாசனை அடிக்கிற ஒரு கை என் வாயைப் பொத்தியது. மறு கை போனைப் பிடுங்கியது.

"நான் அவர் சம்சாரம் பேசுறேன்," என்றார் அத்தை. "துர்சுனாய். அடையாள அட்டை எண் சொல்லணுமா?" எண்ணை மனப்பாடமாக ஒப்பித்தார். "இப்ப பேரா? இரு."

தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். அத்தை அவரை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "எமில் அப்பா" என்பார், இல்லாவிட்டால் "இங்க பாருங்க" என்பார். மருத்துவமனையில் கடைசி நாளன்று, நினைவு தப்பிக் கிடந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஒருவேளை விழிப்பார் என்று நர்ஸ் சொன்னபோதும் "எமில் அப்பா, எமில் அப்பா" என்றுதான் கூப்பிட்டார். அவர் விழிக்கவில்லை.

"ஷும்கார்," என்றார் அத்தை.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"கொஞ்சம் சத்தமா பாட்டி, பதிவாகல."

"ஷும்கார்."

"சரி, இது போதும்..."

"ஷும்கார்!" என்றார் மூன்றாவது முறை. யாரும் கேட்காமலே. முற்றத்தைத் தாண்டி, பின்னால் இருக்கும் மலைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். தெருவில் கழுதை வண்டி ஓட்டிப்போனவர் திரும்பிப் பார்த்தார்.

பதினொன்று ஐம்பத்தெட்டு. பதிவாகிவிட்டது என்றாள் மீரிம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எமில் இறங்கி வரட்டும், அவருக்கு இருக்கிறது என்று மனத்துக்குள் பட்டியல் போட ஆரம்பித்தேன்.

"எத்தனை வருஷத்துக்குப் போடட்டும் பாட்டி? ஒண்ணு, அஞ்சு, பத்துன்னு இருக்கு."

"பத்து! பத்து வருஷம் போடு!" என்று தரையிலிருந்தே கத்தினேன். "இந்தக் கூத்தை ஜென்மத்துக்கும் இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது!"

அத்தை என் பக்கம் கை காட்டி அமர்த்தினார்.

"பொண்ணு, ஒண்ணு கேக்கறேன். அடுத்த தடவ புதுப்பிக்கறப்பவும் பேரை வாயால சொல்லணுமா?"

"போன்ல பண்ணினா சொல்லித்தான் ஆகணும் பாட்டி. விதி அப்படி."

அத்தை கன்னத்தில் வழிந்ததைத் தலைத்துணி நுனியால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒரு வருஷத்துக்கே போடு," என்றார்.