உள்ளங்கையால் பொத்திப் பார்க்கவும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து டபாரென்று அவிழ்க்கிற வித்தையெல்லாம் எனக்கு இப்போது பிடிக்கவில்லை. நான் எழுதிய ஒரு பக்கத்தை நம்பி ஒருவர் ஒரு வண்டியில் வேலை செய்தார். அந்த வண்டி நட்ட நடு ஆற்றில் நின்றுபோனது. அந்தப் பக்கத்திலிருந்து நான் ஒரு வரியை வெட்டியிருந்தேன். வெட்டியது நான், பழி விழுந்தது அவர்மேல். அவர் என் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான்.

அவ்வளவுதான் கதை. அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அடித்த வாக்கியம், பாதியில் விட்ட வாக்கியம் எல்லாம் சதுர அடைப்புக்குள் அப்படியே கிடக்கும். வீட்டைக் கூட்டாமல் விருந்தாளியைக் கூப்பிட்டதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் என்று எழுதி அடித்தவை:

[ஆறு அன்று தாயின் மடியைப்போல] தாயாவது மடியாவது. தொடைக்கு மேல் ஏறும் கலங்கல் தண்ணீர் அது.

["அவர் வரமாட்டார்," என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி] யார் அவள், எந்த ஜன்னல்? எனக்கே தெரியாது. கதைபோல இருக்கட்டும் என்று எழுதியது.

[மனிதன் மூச்சு விடுகிறான்; இயந்திரமும்] இது தத்துவம். நான் தத்துவம் பேச ஆரம்பித்தால் எதையோ பூசி மெழுகுகிறேன் என்று அர்த்தம்.

ஆகவே நேராகவே வருகிறேன். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். வருஷத்தில் நாலு மாதம் அதன்மேல் தண்ணீர் ஓடும். இழுப்பு அதிகமில்லை, ஆழம்தான். அக்கரையில் நாற்பது வீடுகள். தடுப்பூசிப் பெட்டியோடு வாரம் ஒருமுறை அங்கே போகவேண்டியவர் ஒரு நர்ஸ். எல்லோருக்கும் அவர் நர்சம்மா. பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போனால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அதனால் அவரிடம் ஒரு ஏ.டி.வி. இருக்கிறது. பைக்குக்கு இருப்பதுபோல ஹேண்டில்பார், டிராக்டர் குட்டி போட்டதுபோல நாலு தடித்த டயர். சேறு, கல், மேடு எதற்கும் அசராது. ஆழத் தண்ணீர்தான் ஆகாது. அது காற்றை இழுக்கும் டப்பா சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் இஞ்சின் காற்றோடு தண்ணீரையும் குடிக்கும். குடித்தால் தீர்ந்தது.

3

என் அக்கா மெக்கானிக். இந்த மாதிரி வண்டிகளுக்கு மூச்சுக்குழாய் வைப்பதில் பேர்போனவள். டப்பாவின் வாயில் முழங்கைபோல வளைந்த ஒரு ரப்பர் எல்போ, அதிலிருந்து பைப், பைப்பின் நுனி ஹேண்டில்பாருக்கும் மேலே. இணைப்புக்கு இணைப்பு கிளாம்ப்பும், இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசையும். டப்பாவுக்கு அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையை அடைக்க வேண்டும். பெல்ட் ஓடும் பெட்டிக்கும் தனியாகக் குழாய் ஏற்ற வேண்டும். செய்தால் அரைநாள் வேலை. அக்கா விளக்கினால் முழுநாள் ஆகும்.

தூரத்து ஆட்களெல்லாம் போனில் கேட்டுக் குடைந்ததால், எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுடா என்று என்னைக் கூப்பிட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒரே பேச்சு மூன்று முறை வந்தது. எல்போவை மாட்டியதும் ஒருமுறை, பைப்பை ஏற்றியதும் ஒருமுறை, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணி, காத்து இழுக்கற வாய உள்ளங்கையால பொத்திப் பாரு. இஞ்சின் அணையணும். அணையலன்னா வேற எங்கேயோ இழுக்குதுன்னு அர்த்தம். காத்து போற எடத்துல தண்ணியும் போகும்."

4

வீட்டுக்கு வந்து பிரதியைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரே விஷயம் மூன்று முறை. கழுத்தறுப்பாகப் பட்டது. முதல் இரண்டையும் வெட்டினேன். மூன்றாவது, பக்கத்தின் கடைசி வரி. 'இஞ்சின் அணையணும்' என்றா ஒரு பக்கத்தை முடிப்பது? அரைநாள் பாடுபட்டுத் தயார்செய்த வண்டியைக் கடைசி வரியில் கழுத்தை நெரித்துக் கொல்வதா? மனசு வரவில்லை. அதையும் வெட்டிவிட்டு இப்படி முடித்தேன்:

"இனி உங்கள் வண்டி தண்ணீருக்குள்ளும் மூச்சு விடும்."

படித்துப் பார்த்து நானே ஒருமுறை தலையாட்டிக்கொண்டேன்.*

அக்கா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பட்டறைப் பலகையில் மாட்டினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் தம்பி எழுதினது" என்று காட்டினாள். கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் இருக்கவேண்டிய வரி இல்லை என்பதை அவள் கவனிக்கவேயில்லை. நன்றாகத் தெரிந்த விஷயம் தாளில் இல்லாவிட்டாலும் கண் அதைப் படித்துக்கொண்டு போய்விடும்போல.

* எழுதுகிறவன் தனியாக உட்கார்ந்து தலையாட்டினால் அங்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது. ஆராய்ச்சி முடிவல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது.

5

[அத்தான் கவனக்குறைவான மனிதர்.]

முதல் பிரதியில் இப்படித்தான் எழுதினேன். எழுதினால் கதை சுளுவாக நடக்கும். கவனமில்லாத மனிதர், நின்றுபோன வண்டி, வருத்தம், மன்னிப்பு. மூன்று பக்கம் ஓடியபிறகுதான் மண்டையில் உறைத்தது, அந்த மனிதரை இரண்டாம் முறையும் மாட்டிவிடுகிறேன் என்று.

உண்மை இதற்கு நேரெதிர். அத்தான் தையற்காரர். பட்டறையின் முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பார். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். வாடிக்கையாளர்கள் அவரை டேப்பு மாஸ்டர் என்பார்கள். ஸ்பேனர் வேலை பின்கட்டில் அக்காவுடையது. அவர் அதில் மூக்கை நுழைத்ததில்லை.

அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. ஆறு வாரம் குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் பார்த்து மழை முந்திக்கொண்டது. மூச்சுக்குழாய் வைக்கச் சொல்லி நர்சம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா படுக்கையிலிருந்தே அத்தானிடம், பலகையில் பேப்பர் இருக்கிறது, அதில் இருப்பதை அப்படியே செய்யுங்கள், போதும் என்றாள்.

(இனி வருவதை அத்தானின் மனசுக்குள் புகுந்துகொண்டு சொல்கிறேன். அவர் அனுமதி தரவில்லை. அவர் என்னிடம் சொன்னது பத்து வாக்கியம் இருக்கும். மீதி அவர் கைகளைப் பார்த்து நானாக ஊகித்தது.)

அப்படியே செய்தார். பேப்பரை மூன்று முறை படித்தார். பைப்பை டேப்பால் அளந்து, நீலத் தையல் சாக்பீஸால் கோடு போட்டு, நூல் பிடித்தாற்போல வெட்டினார். கிளாம்ப்பை முறுக்கும்போது மட்டும் பயமாக இருந்தது. துணி இவ்வளவு விறைப்பாக இருக்காது. சீலன்ட் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் பேப்பரின் பிளாஸ்டிக் உறைமேல் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். கடைசி வரிக்கும் போட்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் வேலையைத் தானும் செய்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

எல்போவின் அடிப்பக்கம் முடியளவு ஒரு வெடிப்பு இருந்தது. பார்த்தால் தெரியாது, நகத்தால் வளைத்தால்தான் வாய் திறக்கும். உள்ளங்கையால் பைப்பைப் பொத்தியிருந்தால் இஞ்சின் அணையாமல் ஓடி அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். பொத்தச் சொல்லி அந்தப் பேப்பரில் எங்கேயும் இல்லை.

நடு ஆற்றில் வண்டி ஒரு இருமு இருமிவிட்டு நின்றது. நர்சம்மா சீட்டின்மேல் ஏறி, ஊசிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். பிறகு ஒரு டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தது. கரையில் நின்றிருந்த அத்தானிடம் நர்சம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பெட்டி நனையல. நீங்க கவலப்படாதீங்க."

திட்டியிருந்தால் அத்தான் தாங்கியிருப்பார்.

அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இஞ்சினைப் பிரித்தாள். உள்ளே தண்ணீர், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. எல்போவின் வெடிப்பையும் கண்டுபிடித்தாள்.

"பொத்திப் பாத்தீங்களா?"

"எத?"

அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

6

அன்றைக்கே இஞ்ச் டேப் கழுத்திலிருந்து இறங்கிவிட்டது. சீட் கவர் வேலைகூட வேண்டாமென்று அத்தான் அக்கம்பக்கத்தாருக்கு ஜன்னல் திரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். டேப்பு மாஸ்டர் என்று யாரும் கூப்பிடவில்லை. பலகையிலிருந்த என் பேப்பரும் காணாமல் போனது.

இதெல்லாம் அக்கா போனில் சொன்னது. "கோவத்துல பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டார்டா. உன் பேப்பர் அவர என்ன பண்ணுச்சு?" என்றாள்.

நான் "ம்" என்றேன்.

[அப்போது பஸ் வந்துவிட்டது, மேலும் இவ்வளவு பெரிய விஷயத்தைப் போனில்—] சப்பைக்கட்டு. பஸ் வரவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். மேஜைமேல் பழைய பிரதி கிடந்தது. மூன்று இடத்தில் சிவப்பு மை.

இஞ்சினை அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தே மெல்ல மெல்லச் சரிசெய்துவிட்டாள். மூச்சுக்குழாயைத் திரும்ப வைக்க மட்டும் தரையில் குனியவேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். அவள் கூப்பிடவில்லை, அவர் வரவில்லை. ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சே இல்லை. நர்சம்மா பெரிய பாலத்தைச் சுற்றிப் போய், நாற்பது வீட்டில் இருபதைப் பார்ப்பதற்குள் இருட்டிக்கொண்டு வந்துவிடுகிறது என்று கேள்விப்பட்டேன்.

7

ஒரு ஞாயிறு காலை போனேன். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் மிஷினில் இருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. [அத்தான், எழுத்து என்பது ஒரு பொறுப்பு, அந்தப் பொறுப்பில் நான்—] நல்லவேளை, அது வாயில் வரவில்லை. அந்த வரியை வெட்டியது நான்தான் அத்தான் என்று மட்டும் சொன்னேன்.

அவர் மிஷினை நிறுத்தவில்லை. மடிப்பு முடிந்ததும் நூலை அறுத்துவிட்டு டிராயரைத் திறந்தார். என் பேப்பர் உள்ளே பத்திரமாக இருந்தது, கிழியவில்லை. அவர் போட்ட நீல டிக்குகள்கூட அழியவில்லை. என் கடைசி வரிக்குக் கீழே, வாடிக்கையாளர் அளவு எழுதி ஒட்டும் வெள்ளைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து: 'பைப் வாயை உள்ளங்கையால் பொத்திப் பார்க்கணும். இஞ்சின் அணையணும்.'

"இதுல அது இல்லேன்னு எனக்குத் தெரியும் மாப்ள," என்றார். அக்கா கேட்டது புரியாமல் மறுநாள் பக்கத்து லேத் பட்டறைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் விளக்கியிருக்கிறார். வந்து பேப்பரைப் படித்தால், இல்லை. அடுத்து யாராவது இதைப் பார்த்து வேலை செய்வார்களே என்று சீட்டை எழுதி ஒட்டிவிட்டார். ஒட்டியபிறகுதான் யோசனை வந்திருக்கிறது. சீட்டோடு மாட்டினால் அக்கா கண்ணில் பட்டுவிடும். சீட்டில்லாமல் மாட்டினால் இன்னொரு வண்டி நிற்கும். அதனால் டிராயர்.

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"அவ அத எத்தன பேருக்குப் படிச்சுக் காட்டிருப்பா தெரியுமா? தப்பு என்னோடதாவே இருக்கட்டும். சீட் கவர் தைக்கறவன் வண்டியில கை வெச்சான், கெட்டுப்போச்சு. யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க." பேப்பரைத் திரும்ப டிராயரில் வைத்தார். "அந்தக் கடைசி வரி நல்லாத்தான் இருக்கு மாப்ள."

நான் எழுதியதற்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் என்னை அழவைத்தது இது ஒன்றுதான். அவளிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

8

இனி முடிவு.

முதல் முடிவு: அக்காவை எழுப்பிச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். பிறகு மூவரும் [சிரித்து]. இல்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்த இருவர் ஒரு பத்தியில் சிரித்துவிட மாட்டார்கள்.

இரண்டாவது: சத்தமில்லாமல் புதுப் பேப்பர் அடித்து, வெட்டிய வரியைச் சேர்த்து மாட்டிவிடுகிறேன். வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். அத்தான் ஆயுசுக்கும் திரை தைப்பார். அவர் கேட்டதும் இதைத்தான். எழுதிப் பார்த்தேன், அழகாக வந்தது. அழகாக வந்ததால் பயந்து விட்டுவிட்டேன்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு தகவல். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக் காலத்திலிருந்து நான் எழுதுவது எதுவும் அக்கா படிக்காமல் வெளியே போனதில்லை. படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 'நல்லாருக்கு' என்று எழுதித் திருப்பி அனுப்புவாள். அத்தானிடம் கேட்காமல், இதுவரை நீங்கள் படித்ததையும் அவளுக்கு அனுப்பினேன். அதுதான் மூன்றாவது. அவருக்கு இதில் நான் செய்தது துரோகமா என்று எனக்குத் தெரியவில்லை.

9

நேற்றுப் பிரதி திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் 'நல்லாருக்கு' இல்லை. கடைசிப் பக்கத்தில் எதுவுமே இல்லை.

நாலாம் பகுதியின் ஓரத்தில் கிரீஸ் படிந்த ஒரு கட்டைவிரல் தடம். அதன் கீழே அக்கா எழுதியிருந்தாள்: 'மூணு தடவ சொன்னேன். மூணு தடவயும் போடு.'

ஐந்தாம் பகுதியின் ஓரத்தில், பைப்பை வெட்டும் இடத்துக்கு நேராக, லேசாக நீலத் தூள் ஒட்டியிருந்தது. தேய்த்துப் பார்த்தேன். தையல் சாக்பீஸ்தான்.

போன் செய்து கேட்கலாம். கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்களா, அல்லது ஒருவர் வைத்துவிட்டுப் போனதை இன்னொருவர் எடுத்துப் படித்தாரா, அந்தச் சாக்பீஸ் அதற்குப்பின் எந்தப் பைப்பில் கோடு போட்டது, நர்சம்மா இந்த வாரம் எந்த வழியாகப் போனார் என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னை நம்பி முடிவைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டீர்கள்.

எனக்கு மிச்சமிருப்பது ஒரு வேலைதான். அந்த வரி மூன்றாம் பகுதியில் ஒருமுறை வந்துவிட்டது. ஏழாம் பகுதியில் அத்தான் கையெழுத்தில் ஒருமுறை வந்துவிட்டது. பாக்கி ஒன்று. கதையை முடிக்கிற வரியாக அது ஒன்றும் நன்றாக இல்லை.

வண்டிய ஸ்டார்ட் பண்ணி, காத்து இழுக்கற வாய உள்ளங்கையால பொத்திப் பாரு. இஞ்சின் அணையணும்.