மூன்றாம் கரையில் கசிவு

சோடா சாம்பல் ஆலையில் எனக்கு ஒரே வேலை: கழிவுக்குட்டைகளின் கரையைத் தினமும் சுற்றிவந்து பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது. உப்பும் சுண்ணாம்புக்கல்லும் உள்ளே போகும், கண்ணாடிக்கும் சோப்புக்குமான வெள்ளைத்தூள் வெளியே வரும், மிஞ்சும் சுண்ணாம்புச் சேறும் உப்புநீரும் குட்டைக்கு வரும். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளிய எனக்கு அந்த வெண்பரப்பு பனிப்பிரதேசம். கொளுத்தும் வெயிலில் கழுத்தில் கம்பளித்துண்டு சுற்றி நடப்பேன்.

திங்கள்கிழமை மூன்றாம் கரையின் அடியில் நீர் கசிந்தது. என் சொந்த நோட்டில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். பதிவேட்டில் 'வழக்கம்போல்' என்றேன். அடுத்த இரண்டு நாளும் அப்படியே. கரைக்கு அந்தப் பக்கம் அக்காவும் அத்தானும் மீன் வளர்க்கும் குளம் இருப்பது என் மாபெரும் கற்பனைக்கு எட்டவில்லை.

வியாழன் காலை அக்கா ஆலைக்கே வந்துவிட்டாள்.

"மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது சார். குட்டைக்குச் சேறு தள்ளுற பம்ப்பை நிறுத்துங்க."

பொறியாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "எல்லா நாளும் வழக்கம்போல்தாம்மா. எழுதினது உங்க தம்பி. சாயங்காலத்துக்குள்ள ஆள் அனுப்பிப் பார்க்கறேன்."

"அதுவரைக்கும் மீன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?"

நான் நோட்டை எடுத்தேன். "சார், இதுல தேதியோட எழுதியிருக்கேன்."

"படி."

ஷிப்ட் மாறும் நேரம். அறை நிறைய ஆட்கள்.

"'நிலத்தின் மார்பிலிருந்து ஓர் ஆதித்துயரம் சுரந்தது...'"

"யாரு செத்தா?" என்றார் பாய்லர் அண்ணன்.

"'...பெண்ணொருத்தியின் அவிழ்ந்த கூந்தலாய் மூன்றாம் கரையில் இறங்கியது.'"

"எவ்வளவு அகலம்?" என்றார் பொறியாளர்.

"கூந்தல் அளவு சார்."

"எந்தப் பொண்ணு?"

அறையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கையை விரிச்சுக் காட்டுடா, எருமை!"

விரித்தேன். இரண்டு முழம். "இது திங்கள்கிழமை அளவு," என்றேன்.

சிரிப்பு நின்றது. பொறியாளர் போனை எடுத்தார். கால்மணி நேரத்தில் பம்ப் நின்றது.

அத்தானும் நானும் குளத்தில் இறங்கி, உயிரோடிருந்த மீன்களை நல்ல தண்ணீர் டிரம்முக்கு மாற்றினோம். பாதிதான் தேறியது. பிறகு கரையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். 'மூன்றாம் கரை. கசிவு, இரண்டு முழத்துக்கு மேல்.'

அக்கா எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா? செத்த மீனை யாரு எழுதுவா? எண்ணி எழுது."

எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டில் எண்ணிக்கை தப்பியது. அவள் நகரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.