பஞ்சருக்கு ஒரு சுருட்டு

"கொஞ்சம் எடது பக்கம்... இன்னும் கொஞ்சம். மேசை கால்ல இடிக்குது பாருங்க," என்று சொல்லிக்கொண்டே சவப்பெட்டிக்காரர் சீனி தலைமாட்டைத் தெற்கே திருப்பினார். பெட்டி தாங்கியில் உட்கார்ந்தது. அப்புறம்தான் எல்லாருக்கும் அது கண்ணில் பட்டது. தெற்கே தலை வைத்தால் இராமசாமியின் முகம் வடக்குச் சுவரில் இருந்த பெரிய டிவிக்கு நேர் எதிரே வந்தது. வேறு எப்படி வைத்தாலும் வாசல் அடைபடும். ஜெலாப்பாங் தாமான் குடியிருப்பின் வரிசை வீட்டுக் கூடம் அவ்வளவுதான்.

"அந்த டிவிய ஒரு துணி போட்டு மூடு," என்றார் தர்மேந்திரன். இராமசாமியின் தம்பி. சித்தியவானிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து இறங்கியதிலிருந்து ஆளுக்கு ஒரு வேலை ஏவிக்கொண்டிருந்தார்.

இராமசாமியின் மகள் தினேஸ்வரி துணி எடுக்கப் போகவில்லை. "ஆறு மணிக்கு ரேஸ் இருக்கு சித்தப்பா," என்றாள்.

"எளவு வீட்டுல ரேஸா? ஊரு காறித் துப்பும்!"

"அப்பா ஒரு ரேஸ்கூட விட்டதில்ல. இதுதான் கடைசி ரேஸ்."

யாருக்குக் கடைசி என்று அவளே ஒரு கணம் திகைத்தாள். இந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் என்றுதான் சொல்ல வந்தாள்.

அவள் தம்பி யுகேந்திரன் உலக மலைச் சைக்கிள் பந்தயங்களில் ஓடும் ஓர் ஐரோப்பியக் குழுவுக்கு மெக்கானிக். இங்கே ஈப்போ நகரில் ஒரு சைக்கிள் கடையில் சேறு கழுவப் போனவன். பழைய ரப்பர் தோட்டத்துப் பாதைகளில் சனி ஞாயிறுகளில் வாடிக்கைக்காரர்கள் ஓட்டி உடைத்துக்கொண்டு வந்த சைக்கிளையெல்லாம் நேராக்கிக் கொடுத்துக் கைபழகி, எப்படியோ அந்தக் குழுவின் கண்ணில் பட்டுவிட்டான். இந்த ஆண்டு பத்துப் பந்தயம். ஏப்ரலில் பிரேசிலில் ஆரம்பித்து, நாடு நாடாகப் போய், இன்று ஆஸ்திரியாவில் முடிகிறது. பாதை ஓரத்தில் கயிறு கட்டிய ஓர் இடத்தில் மாற்றுச் சக்கரத்தோடு நிற்பது அவன் வேலை. பஞ்சர் ஆனால் குழுவின் வீராங்கனை அங்கே வந்து நிற்பாள், இவன் சக்கரம் மாற்றுவான், கேமரா காட்டும். பஞ்சர் இல்லையென்றால் அவன் முகமும் இல்லை.

ஊரெல்லாம் தன் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று கும்பிடும். இராமசாமி பஞ்சர் வேண்டிக் கும்பிட்டார். ஒரு பஞ்சருக்கு ஒரு சுருட்டு என்று முனியாண்டி சாமியிடம் ஒப்பந்தம். செக் நாட்டுக்காரியான அந்த வீராங்கனையின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. தங்க நிறத் தலைக்கவசம் போடுகிறாள் என்பதால் கனகா என்று வைத்துவிட்டார். ஒன்பது பந்தயத்தில் கனகாவுக்கு மூன்று பஞ்சர். சாமிக்கு மூன்று சுருட்டு. யுகேந்திரன் டிவியில் தெரிந்தது மொத்தம் பத்தொன்பது நொடி. காலண்டரில் குறித்தே வைத்திருந்தார்.

"பஞ்சர் ஆனா எங்களுக்குத்தாம்ப்பா மானம் போவுது," என்று அவன் போனில் ஒருமுறை கத்தினான்.

"உன் மொகம் தெரியுதுலா," என்றார் அப்பா.

இன்று மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு, "ரேஸ் நேரத்துக்கு எழுப்பிவிடு" என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தார்.

தினேஸ்வரி மூன்று முறை தம்பிக்குப் போன் அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. பந்தய நாளில் போனை வேனில் பூட்டி வைத்துவிடுவான். குழு மேனேஜரின் எண் அவளிடம் இருந்தது. அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் தம்பிக்குச் சேதி போய்விடும்.

"அழுத்துடி," என்றாள் அம்மா மங்களம். காலையில் கட்டிய சேலையோடு பெட்டி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அழவில்லை.

"அங்கேருந்து பிளைட்டு ராத்திரிதான்மா. இப்ப சொன்னாலும் அதே பிளைட்டு, ரேஸ் முடிஞ்சு சொன்னாலும் அதே பிளைட்டு. செவ்வாக்கெழமதான் எடுக்கப் போறோம், வந்துருவான்."

"பெத்த அப்பன் போயிட்டாரு. அவன் தெரியாம அங்க சிரிச்சிக்கிட்டு நிக்கணுமா?"

"நிக்கட்டுமே. கனகா இன்னிக்கு ஜெயிச்சா வருசக் கோப்பையே அவளுக்குத்தான். ஆறு மாசமா இதுக்குத்தாம்மா நாயா அலைஞ்சான். ரெண்டு மணி நேரம் விடுங்க. அப்பா போனது ரெண்டு மணி நேரம் கழிச்சும் போனதுதானே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாளைக்கு அவன், "ஏங்க்கா மறைச்ச?" என்று கேட்டால்? ஆயுசுக்கும் பேசாமல் போய்விட்டால்? ஒற்றைத் தம்பி. மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு மணிக்கு தினேஸ்வரி டிவியைச் சத்தமில்லாமல் போட்டாள்.

முதல் சுற்றில் யாரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் பக்கத்து வீட்டு மாரியம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "இதுல நம்ம பொண்ணு எதுலா?" தினேஸ்வரி தங்கத் தலைக்கவசத்தைக் காட்டினாள். கூடவே, வேறு வழியில்லாமல், சுருட்டுக் கதையையும் சொன்னாள். கூடத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பெட்டியைப் பார்த்துச் சட்டென்று அடங்கியது. அடங்கினாலும் சேதி வெளியே கூடாரம்வரை போய்விட்டது. போன வேகத்தில் அங்கிருந்தவர்கள் காப்பித் தம்ளரோடு உள்ளே வந்து நின்றார்கள்.

"அப்ப இன்னிக்கு கட்டாயம் பஞ்சர் ஆவணும்," என்று மாரியம்மா தீர்ப்பு சொன்னாள். "மவன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போவட்டும் அந்த மனுசன்."

அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்த நாற்பது பேரும் முன்பின் தெரியாத ஒரு செக் நாட்டுப் பெண்ணின் டயர் வெடிக்க வேண்டிக்கொண்டார்கள். கல்மேட்டில் கனகா இறங்கும்போதெல்லாம், "ஆவு, ஆவு" என்றார்கள். ஆகவில்லை. கேமரா ஒருமுறை அந்தக் கயிறு கட்டிய இடத்தைத் தாண்டியது. ஒரு சக்கரமும் அதைப் பிடித்த ஒரு கையும் தெரிந்தன.

"நம்ம கைதான்!" என்று கத்தியவர் தர்மேந்திரன். வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

கடைசிச் சுற்று. கனகா நான்கு நொடி முன்னால். "முனியாண்டி, ஒரே ஒரு முள்ளு!" என்று மாரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். முனியாண்டி அசையவில்லை. கனகா காற்று இறங்காத இரண்டு சக்கரத்தோடு கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"அய்யோ, ஜெயிச்சிட்டாளே!" என்றார் சீனி. அவள் ஜெயித்ததற்குத் துக்கப்பட்ட வீடு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கனகா சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினாள். கட்டிக்கொள்ள மேனேஜர் இரு கையையும் நீட்டினார், அவரைத் தாண்டினாள். கயிற்றுக்குப் பின்னால் சக்கரத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு கறுத்த ஆளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கேமராவும் கூடவே ஓடியது. யுகேந்திரன். பல்லெல்லாம் சேறு. சிரிக்கிறான், அழுகிறான், சக்கரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைக்கு மேல் தூக்குகிறான். கேமரா அவனை விட்டு நகரவில்லை.

கூடம் எழுந்து நின்று கத்தியது. சீனி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்தி மூணு!" என்றார். "நாப்பத்தி மூணு செகண்டு, தங்கச்சி!"

ஜெயிக்க வேண்டும் என்று ஒரு சுருட்டு வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். அந்த மனிதர் ஆறு மாதமாகத் தப்பான வேண்டுதலை வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். தினேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். மங்களம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு திரையையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். இனி சொல்லியாக வேண்டும்.

போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள். அதற்குள் வேறொரு போன் அடித்தது. அறைக்குள், ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பைக்குள். எடுத்துப் பார்த்தாள். யுகேந்திரன்.

அழுத்தினாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவன் ஆரம்பித்துவிட்டான். காது மந்தமான மனிதரின் போன், வீடு முழுக்கக் கேட்டது.

"அப்பா! பாத்தீங்களா? பாத்தீங்கதானே? எவ்ளோ நேரம் காட்டுனான்? அக்கா வேற மூணு தடவ அடிச்சிருக்கு, அதுகிட்ட அப்புறம் பேசிக்கிறேன். மொதல்ல நீங்க கேளுங்க..."

"யுகேன்," என்று ஆரம்பித்தாள் தினேஸ்வரி. அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான்.

மங்களம் எழுந்து வந்தாள். மகளின் விரல்களைப் பிரித்துப் போனை வாங்கினாள். "முடிக்கட்டும்," என்றாள் மெதுவாக. முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு மகளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. பெட்டி ஓரத்துக்குப் போய்க் குனிந்து, போனைக் கணவனின் காதோரம் பிடித்தாள்.

"காலையில மழைப்பா, அதனால டயர மாத்துனேன். மேனேஜர் வேணாம்னான். நான் கேக்கல. அந்தக் கல்லு மேடு பாத்தீங்கல்ல, அங்கதான்... அப்பா? இருக்கீங்களா?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கோம், சொல்லு," என்றாள் மங்களம்.

"ஆங், அம்மாவா? நீங்களும் கேளுங்க!"

அவன் முதல் சுற்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். மாரியம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள். தர்மேந்திரன் வாசலில் வந்து நின்றவர்களைச் சைகை காட்டி நிறுத்தினார். அவன் இரண்டாவது சுற்றுக்கு வந்தபோது மங்களம் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.