மாடி வீட்டில் மாட்டுக்கறி

என் மனைவி வெண்ணிலாவுக்குக் காசநோய் என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரையைத் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. இறங்கினாலும் தங்கவில்லை. சாப்பிடாவிட்டால் மருந்து எப்படி வேலை செய்யும் என்று விழுப்புரத்து டாக்டர் என்னைத்தான் திட்டினார். என்னவோ நான் சோற்றை ஒளித்து வைத்திருப்பது போல.

நேற்று அவளே வாய் திறந்து ஒன்று கேட்டாள். கல்யாணமான புதிதில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் தின்றோமே, சாஸ் ஊற்றி வதக்கிய மாட்டுக்கறி, அது வேண்டுமாம்.

நாங்கள் குடியிருப்பதோ திண்டிவனத்தில், சாந்திமதி அம்மா வீட்டு மாடியில். அவர்கள் சமணர்கள், முட்டைகூட வாசல் தாண்டாது. கறி தின்பவர்களுக்கு வீடு இல்லையென்று ஐந்து இடத்தில் சொன்ன பிறகு, நாங்களும் சைவம்தான் என்று பொய் சொல்லித்தான் இங்கே குடிவந்தேன்.

இன்று அவர்கள் குடும்பத்தோடு மேல்சித்தாமூர் கோயிலுக்குக் கிளம்பினார்கள். விசேஷம், ராத்திரிதான் திரும்புவார்கள் என்று நானாக முடிவுகட்டினேன். கறியை வேகவைத்து நீளமாக அரிந்தேன். ஊறவைத்த மிளகாய், பூண்டு, தக்காளி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து அரைத்துச் சாஸ் காய்ச்சினேன். வாசனை வெளியே போகாமல் ஜன்னல்களை இழுத்துச் சாத்தினேன்.

கறியோடு சாஸையும் சட்டியில் கொட்டியதும் நெடி வீடு முழுக்க ஏறியது. வெண்ணிலா இரும ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கீழே கார் வந்து நின்றது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது அவர்கள் வழக்கம், அதற்காகத்தான் திரும்பிவிட்டார்கள். ஒரு வருடமாகப் பார்க்கிறேன், இந்த மரமண்டையில் ஏறவில்லை.

அவள் உதடு வெளுத்துவிட்டது. திறந்தால் வீடு போகும். திறக்காவிட்டால் இவளே போய்விடுவாளோ என்று பயந்துபோனேன். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

சாந்திமதி அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு படியேறி வந்தார். என்ன சமையல் என்று கேட்டார். காளான் என்று சொல்லியிருக்கலாம்.

"மாட்டுக்கறிம்மா. ரெண்டு மாசமா இவ ஒண்ணுமே துன்னல. அதான் பண்ணிக்கினு இருந்தேன்."

அவர் வெண்ணிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஒண்ணாந்தேதி காலி பண்ணிடுங்க. இன்னிக்கு அந்தப் பொண்ணு சாப்பிடட்டும்."

இறங்கிப் போய்விட்டார்.

இருமல் அடங்கியதும் வெண்ணிலா தட்டின் முன் உட்கார்ந்தாள். ஒரு துண்டை மெல்ல மென்றாள். வாந்தி வருமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. நோயாளிக்கு இனி எவன் வீடு தருவான்?

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்று தட்டை நீட்டினாள்.

அழுதுகொண்டே வைத்தேன்.