விலகாதே

பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் தம்பி அதைச் சொன்னான்.

உடை மாற்றும் அறையில் அவள் மட்டும் இருந்தாள். சுவரோரம் இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு நீள பெஞ்சு, தரையில் ஈரக் காலடிகள். பந்தய உடையை இடுப்புவரை ஏற்றிவிட்டு, அதன் கைகளைத் தொங்கவிட்டபடி, வலது மணிக்கட்டில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள். தம்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினான். இருவரும் ஒரே அணி. இந்த வருஷம் முழுக்க ஒரே மாதிரியான இரண்டு கார்களை ஓட்டியவர்கள்.

"அக்கா, இதுதான் என் கடைசி ரேஸ்."

அவள் நிமிரவில்லை. "எந்த டீமுக்குப் போறே?"

"எங்கேயும் போகல. நிறுத்தப் போறேன்."

"அடி ஏதாவது பட்டிருக்கா?"

"இல்ல." அவன் அலமாரியில் சாய்ந்துகொண்டான். "எனக்கு இது பிடிக்கலக்கா. பிடிச்சதே இல்ல."

பிளாஸ்திரி அவள் கையில் பாதியில் நின்றது.

"அப்பா அந்தக் குட்டிக் கார்ல உக்கார வெச்சாரே, அன்னைக்கே பிடிக்கல. பயம். இப்பவும் வாந்தி எடுத்துட்டுத்தான் வரேன். ஒவ்வொரு ரேஸுக்கும் அப்படித்தான். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவளுக்குத் தெரியாது. பந்தயத்துக்கு முன் அவன் குளியலறைக்குள் போய் நெடுநேரம் தாழிட்டுக்கொள்வதை அவள் திமிர் என்று நினைத்திருந்தாள். மற்றவர்களைக் காக்க வைப்பதில் ஒரு சுகம் அவனுக்கு என்று சுருக்கிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். சுருக்கு அவளுடைய என்ஜினியர். ரேடியோவில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்பதால் வந்த பெயர்.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"ரேஸ் முடியட்டும். முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்றதுக்கு இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா உனக்கு?"

"நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அன்றைய பந்தயத்தோடு வருஷப் பட்டம் முடிவாகும். அவள் முதலாவதாக வந்தால் பட்டம் அவளுக்கு. இல்லையென்றால் மஞ்சள் கார் ஓட்டுகிறவனுக்கு. காலையில் எழுந்தபோது அவள் தலைக்குள் அது மட்டும்தான் இருந்தது. இப்போது அதற்கு இடமே இல்லை.

அப்பாவுக்கு லேத் பட்டறை. அவளும் தம்பியும் பள்ளியில் படித்த காலத்தில், குழாய்களை வெட்டிப் பற்றவைத்து ஒரு குட்டிப் பந்தயக் கார் செய்தார். இருக்கைக்கு அளவெடுத்தது தம்பியின் முதுகில். அவள் பெரியவள், ஆனால் அவள் வேலை ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஒருமுறை தம்பிக்குக் காய்ச்சல். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டதே என்று அவளை உட்கார வைத்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டி அவள் முதலாவதாக வந்தாள். "பொண்ணு பரவாயில்லையே," என்றார் அப்பா. அடுத்த வாரம் தம்பியைத் திரும்ப உட்கார வைத்தார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் இத்தனை வருஷம் ஓட்டினாள். அப்பாவின் உதவி இல்லாமல், டயர் கம்பெனியில் சோதனை ஓட்டுநராகச் சேர்ந்து, தனி வழியில் மேலே வந்தாள். பேட்டி எடுக்கிறவர்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்டால் "வேகம் பிடிக்கும்" என்பாள். பொய். முன்னால் எந்தக் கார் போனாலும் அது அவளுக்குத் தம்பியின் கார். உள்ளே இருப்பது அவளிடமிருந்து பிடுங்கிய இருக்கை. அந்த எரிச்சல் வயிற்றில் கனன்றால் கால் தானாக அழுத்தும்.

பிடுங்கிய இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் எப்போது இறங்கலாம் என்று காத்திருந்தானாம்.

காருக்குள் இறங்கி வார்களை மாட்டியபோது அவள் அப்பாவைப் பார்த்தாள். கார்களுக்கு டயர் மாற்றும் பிட்டில், மானிட்டர்களுக்குப் பின்னால், அணியின் ரேடியோ ஹெட்ஃபோனைக் காதில் போட்டுக்கொண்டு நின்றார். இரு பிள்ளைகளின் பேச்சையும் கேட்க அவருக்கு அனுமதி உண்டு. பழைய கோபத்தை வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை.

சிவப்பு விளக்குகள் அணைந்தன. அவள் கால் ஒரு கணம் பிந்தியது.

இரண்டு பக்கமும் கார்கள் அவளைக் கடந்து சீறின. முதல் வளைவுக்குள் இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்குப் போயிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் சுருக்கு.

அவள் பழையதையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். ஸ்பேனர், முழங்கால், அப்பாவின் குரல். எல்லாம் நினைவுக்கு வந்தன, சூடு மட்டும் வரவில்லை. கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைப் பிந்தி மிதித்தாள். முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வெள்ளைப் புகை கிளம்பியது. முன்னால் போன காரின் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. எப்படியோ திருப்பினாள். வெளியேறும் இடத்தில் சுவர் கண்ணாடியை உரசுகிற மாதிரி நெருங்கி விலகியது.

இந்தச் சுவர் இத்தனை வருஷமாக இங்கேதான் இருந்திருக்கிறது. அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

கையுறைக்குள் விரல்கள் ஈரமாகிவிட்டன. அடுத்த சுற்றில் அந்த வளைவுக்கு வெகு முன்னதாகவே கால் பிரேக்குக்குப் போனது. இன்னொரு கார் அவளைக் கடந்தது. இப்படித்தானா அவன் ஒவ்வொரு வாரமும் ஓட்டினான் என்று நினைத்தாள். இவ்வளவு பயத்தோடா?

"பின் டயர் சென்சார் செத்துப்போச்சு," என்றார் சுருக்கு. "இங்க ஒண்ணும் தெரியல. நீதான் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"ஒவ்வொரு வளைவுலயும் பின்பக்கம் என்ன பண்ணுதுன்னு. இல்லேன்னா எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியாது."

அவருடைய வாழ்நாளில் இதுதான் மிக நீளமான பேச்சாக இருக்கும். வேறு வழியில்லாமல் அவள் கவனித்தாள். முதுகெலும்பின் அடியில், இருக்கை உடம்பைத் தொடும் இடத்தில், டயர் சொல்வது கேட்டது. "உள்ள நுழையறப்ப லேசா நழுவுது." அடுத்த வளைவு. "நடுவுல பிடிக்குது. வெளிய வரப்ப இடது பக்கம் குழையுது." அடுத்தது. "இது சுத்தம்." தடத்தில் ஒட்டுப் போட்ட தார், விளிம்புக் கட்டையின் ஒவ்வொரு பல், பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாவது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பார்வை முன்னால் நீண்டது. சுவர் இருந்தது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இப்போது சரியாகத் தெரிந்தது.

முன்னால் போன காரைக் கொண்டை ஊசியில் கடந்தாள். அதற்கு முன்னால் போனதை நேர்த்தடத்தில். ஒருவன் தானாகவே அகலமாகப் போய் இடம் விட்டான். மஞ்சள் காரைக் கடக்கத்தான் நேரமானது. அவன் லேசில் விடுகிறவன் இல்லை. சக்கரமும் சக்கரமும் உரசி ரப்பர் தெறித்து, கடைசியில் உள்பக்கமாக நுழைந்து வெளியே வந்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் அல்ல. நூல் கோக்கும்போது கடித்துக்கொள்வோமே, அதுபோல.

இப்போது முன்னால் ஒரே ஒரு கார். தம்பி.

அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு மூன்று சுற்று போனாள். இடம் கிடைக்கவில்லை. பந்தயம் முடியும் தறுவாயில் ரேடியோவில் சுருக்கின் குரலுக்குப் பதிலாக அணி மேனேஜரின் குரல் வந்தது.

"உன் தம்பிகிட்ட சொல்லியாச்சு. நேர்த்தடத்துல ஒதுங்குவான். போயிடு."

நேர்த்தடம் வந்தது. தம்பியின் கார் இடப்பக்கம் நகர்ந்து வேகம் குறைந்தது. வலப்பக்கம் காலி. பட்டம் அங்கே கிடந்தது, ஓட்டிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

பின்னால் மஞ்சள் கார் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"என்ன பண்றே!" மேனேஜர் கத்தினார். "போ!"

"விலகாதேன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? பட்டம் போயிடும்!"

"போகட்டும். ஓட்டவே பிடிக்காதவனைத்தான் இவ்வளவு நாள் ஜெயிச்சிருக்கேன். இது அவனோட கடைசி ரேஸ். ஒரு தடவையாவது அவன் ஓட்டட்டும்."

ரேடியோ பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் உறைத்தது. அப்பாவின் காதில் ஹெட்ஃபோன்.

ரேடியோவில் வெறும் இரைச்சல். ஒரு முழு வளைவு கடந்தது. பிறகு சுருக்கு: "சொல்லியாச்சு."

"என்ன சொன்னான்?"

"'வா அக்கா, பாக்கலாம்'ங்கறான். சிரிக்கிறான்."

தம்பியின் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

அவன் இப்படி ஓட்டி அவள் பார்த்ததில்லை. இனி நாளை என்று ஒன்று இல்லாதவன் மாதிரி ஓட்டினான். பிரேக்கை அவளைவிடப் பிந்தி மிதித்தான். விளிம்புக் கட்டைமேல் ஏறி இறங்கினான். கொண்டை ஊசியில் உள்பக்கம் மூக்கை நுழைத்தாள், நறுக்கென்று வழியை அடைத்தான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் முயன்றாள், அதே பதில். மஞ்சள் கார் இருவரில் ஒருவர் தவறட்டும் என்று பின்னால் காத்திருந்தது.

கடைசிச் சுற்று. இந்த முறை கொண்டை ஊசியில் அவள் முயலவே இல்லை. அவன் உள்பக்கத்தைக் காக்கக் குறுகலாக நுழைந்தான். அவள் அகலமாகப் போய், பொறுத்து, காரை முழுதாகத் திருப்பிவிட்டுப் பிறகுதான் அழுத்தினாள். வெளியே வரும்போது அவள் வேகம் ஒரு படி கூட. இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் மேட்டின் உச்சிக்கு ஏறின. அதற்கு அப்பால் கீழே சரியும் நீண்ட வளைவு. ஓட்டுநர்கள் அதைச் சறுக்கல் என்பார்கள். தனியாகப் போகிறவனே அங்கே லேசாகக் காலைத் தூக்குவான்.

வெளிப்பக்கம் அவள். அவளுக்கு வலப்பக்கம் புல், புல்லுக்கு அப்பால் தடுப்பு. இடப்பக்கம் தம்பியின் முன்சக்கரம், கையை நீட்டினால் தொடலாம். சரியாக ஒரு கார் அகலம் அவன் அவளுக்கு விட்டிருந்தான். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை. பின்பக்கம் குழையத் தொடங்கியது. இவ்வளவு குழையும், இதற்கு மேல் குழையாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பயம் வாய்க்குள் துருப்பிடித்த இரும்பு மாதிரி இருந்தது. அதோடு கூடவே, சிரிப்பு வருவதற்கு முன்னால் நெஞ்சில் ஏறுமே, அந்த மாதிரி ஏதோ ஒன்றும் ஏறியது. காலைத் தூக்கவில்லை.

அவன் தூக்கினான். இம்மியளவு.

அவள் முன்னால் போனாள். விட்டுக்கொடுத்துவிட்டானோ என்று ஒரு நொடி மனம் சுருங்கியது. ஆனால் அடுத்த வளைவிலேயே கண்ணாடி முழுக்க அவன் காரின் மூக்கு. உள்பக்கம் பாய்ந்தான், அவள் மூடினாள். வெளிப்பக்கம் போனான், அவள் தள்ளினாள். கொடி விழும்வரை அவன் விடவில்லை. முன்சக்கரம் ஒன்றின் வித்தியாசத்தில் அவள் கோட்டைக் கடந்தாள்.

கார்களை நிறுத்தும் இடத்தில் அப்பா ஓடி வந்தார். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது, பிடுங்கி வந்த ஒயர் தரையில் இழுபட்டது. அவள் காரை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தாண்டித் தம்பியிடம் போனார். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமலே இறங்கி நின்றான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களாப்பா?"

அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் இருக்கையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தாள். வழக்கமாக எரியும் இடத்தில் எரியும் என்று காத்திருந்தாள். ஒரு முள் குத்தியது, அவ்வளவுதான். அவர் பிறகு அவளிடமும் வருவார், ஏதாவது சொல்வார். வரட்டும்.

வாரைக் கழற்றி இறங்கினாள். தம்பியிடம் போனாள்.

"மன்னிச்சுக்கோடா. வாய் தவறிடுச்சு."

"நல்லதாப் போச்சு. நான் சொல்லியிருக்கவே மாட்டேன்." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மூச்சு வாங்கியது. "அந்தச் சறுக்கல்ல நீ ஏன் காலைத் தூக்கல? செத்தோம்னு நினைச்சேன்."

"டயர் தாங்கும்னு தெரிஞ்சுது."

"எனக்குத் தெரியலையே," என்று அவன் சிரித்தான். பிறகு அழுதான். அவள் அவன் ஹெல்மெட் வாரை அவிழ்த்துவிட்டாள்.

மேனேஜர் முகமெல்லாம் சிவந்து வந்து நின்றார். கட்டிக்கொள்வதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "இனிமே நான் ரேடியோல ஒண்ணு சொன்னா..."

"கேக்கறேன் சார். அடுத்த டெஸ்ட் ஓட்டம் எப்ப?"

"ஏம்மா, ஜெயிச்சு பத்து நிமிஷம்கூட ஆகலையே!"

"இந்த டிராக்லயே கிடைக்குமா? அந்தச் சறுக்கல்ல இன்னும் கொஞ்சம் வேகம் மிச்சம் இருக்கு சார். தனியா ஓட்டிப் பாக்கணும்."