இறங்குவதற்கு முன் இரங்கல்

நந்திதுர்க் சுரங்கத்தில் டைம் கீப்பராக இருந்த தம்மபாலன், அதற்கு முன் பதினோரு வருஷம் விமானப்படையில் ஒயர்லெஸ் ஆப்பரேட்டராக இருந்தவர். 1968 மார்ச்சில் டில்லியிலிருந்து ஒரு துணை மந்திரி சின்ன விமானத்தில் தங்கவயலைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஊரில் விமானத்தோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் என்று தம்மபாலனை மூன்று நாளைக்கு வரவேற்புக் கமிட்டிக்கு விட்டுக்கொடுத்தார்கள். பெங்களூரிலிருந்து பேட்டரியில் ஓடும் ரேடியோப் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது.

கமிட்டித் தலைவர் துளசிராமன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நந்திதுர்க் சுரங்கத்துச் சங்கு, பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் சங்கைவிட நான்கு நிமிஷம் முந்தி ஊதும். அவர் கடை முந்தியதற்குத் திறக்கும், பிந்தியதற்கு மூடும். நேரம் என்பது தன் சௌகரியத்துக்கு ஏற்பட்டது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

தந்தி வந்தது. மந்திரி வந்திறங்கும் நேரமாக 0700 என்ற எண்ணும், பக்கத்தில் இசட் என்று ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன.

"காலையில ஏழு மணிக்கு வர்றாரு," என்றார் துளசிராமன்.

"இல்லீங்க சார். பகல் பன்னெண்டரைக்கு."

"ஏழுன்னு போட்டுக்குது. கண்ணு தெரியலியா உனக்கு?"

"பக்கத்துல இசட் போட்டிருக்கு பாருங்க. அது கிரீன்விச் டைம், லண்டன் பக்கம். அதோட அஞ்சரை மணி கூட்டிக்கணும்."

துளசிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளைக்காரன் போயி இருபது வருஷம் ஆச்சு. நம்ம மந்திரி, நம்ம பிளேன், நம்ம ஊரு. இன்னாத்துக்கு லண்டன் டைம்ல வரணும்?"

"பிளேனுக்கு ஊருன்னு ஒண்ணு கிடையாதுங்க. காலையில கராச்சி மேல பறப்பான், சாயங்காலம் ரங்கூன்ல இருப்பான். ஊருக்கு ஒரு மணி. ஒன்பது மணிக்கு இந்த வழியில இன்னொருத்தன் வர்றான்னு சொன்னா, எந்த ஊர் ஒன்பதுன்னு ஆகாசத்துல நின்னு யோசிக்க முடியுமா? அதான் எல்லாருக்கும் ஒரே கடியாரம்."

கமிட்டி ஓட்டெடுத்தது. தம்மபாலனுக்கு ஓட்டுக் கிடையாது. பதினொரு பேரும் ஏழு என்றால் காலை ஏழுதான் என்று கை தூக்கினார்கள். இசட் என்பது ‘கட்டாயம்’ என்று பொருள்படும் ‘ஜரூர்’ என்ற இந்திச் சொல்லின் ஆங்கில முதலெழுத்து என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். மந்திரி இறங்கும் சமயத்தில் வானத்திலிருந்து ரோஜாப்பூ தூவ பெங்களூர் பறக்கும் கழகத்து விமானம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். அதன் விமானி ஒரு வங்காளி. தந்தியில் இருந்த நேரத்தை எழுத்து மாறாமல் நகலெடுத்து அவருக்கும் அனுப்பினார்கள்.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை சௌந்தரம் தம்மபாலனிடம் வந்தார். நாற்பது மாணவிகளை வரவேற்புப் பாட்டுப் பாட அழைத்து வரும் பொறுப்பு அவருடையது.

"நெஜமா பன்னெண்டரையா?"

"ஆமாங்க டீச்சர்."

"ஏழுக்குக் கூட்டிட்டு வரலைன்னா தலைவர் கோவிச்சுக்குவாரு. கூட்டிட்டு வந்தா பசங்க காஞ்சு போவாங்க. தயிர்சோறு கட்டிட்டு வந்துர்றேன்."

மறுநாள் காலை ஆறரைக்கே, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு அப்பால் சமப்படுத்தி வைத்திருந்த தரையில் ஊர் கூடிவிட்டது. பந்தல், பேண்டு வாத்தியம், மந்திரியின் பெரிய படம், நாற்பது மாணவிகள். ஏழு அடித்தது. எட்டு அடித்தது. மேட்டிலிருந்து சாம்பல் மண் பறந்து வரவேற்புத் தோரணத்தின் மேல் படிந்தது. மாரிகுப்பம் ரயிலில் வந்திறங்கிய ஒருவர், பங்காருப்பேட்டையில் யாரோ தூரத்தில் புகையைப் பார்த்ததாகச் சொன்னார். ஒன்பது மணிக்கு அந்தப் புகை விமானத்திலிருந்து வந்ததாக ஆனது. ஒன்பதரைக்கு விமானம் விழுந்துவிட்டது.

"ரேடியோவுல சத்தம் இல்லைன்னா இன்னும் கிட்ட வரலைன்னு அர்த்தங்க சார்," என்றார் தம்மபாலன்.

"செத்தவன் எப்படிய்யா சத்தம் போடுவான்?" என்றார் துளசிராமன். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

பத்து மணிக்கு இரங்கல் கூட்டம் தொடங்கியது. வரவேற்புக்கு வாங்கிய மாலையை மந்திரியின் படத்துக்குப் போட்டு, கீழே ஊதுவத்தி ஏற்றினார்கள். துளசிராமன் வரவேற்புரையை எடுத்துப் பென்சிலால் காலத்தை மாற்றினார். ‘வருகிறார்’ என்பது ‘வந்திருப்பார்’ ஆயிற்று. ‘நீடூழி வாழ்க’ என்பது ‘நீடூழி வாழ்ந்திருக்கலாம்’ ஆயிற்று. இரண்டு நிமிஷ மௌனத்தை மூன்று பேர் மூன்று கடிகாரம் பார்த்து அளந்ததால், பந்தலின் ஒரு பக்கம் உட்கார்ந்த பிறகும் இன்னொரு பக்கம் நின்றுகொண்டிருந்தது. டில்லியில் மந்திரியின் மனைவிக்கு அனுதாபத் தந்தி கொடுக்க சைக்கிளில் ஒருவரை அனுப்பினார்கள்.

தம்மபாலனும் எழுந்து நின்றார். சுற்றிலும் அத்தனை பேர் தலைகுனிந்து நிற்கையில் அவருக்குள் ஏதோ ஆட்டம் கண்டது. பதினோரு வருஷம் நம்பிய எழுத்து. ஒருவேளை இந்த ஒரு தந்தியில் மட்டும் அது ஜரூராக இருந்துவிட்டால்? கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது கிரீன்விச் நேரத்தில் நாலு மணி நாற்பது நிமிஷம் என்று அவர் மனம் தானாகக் கணக்குப் போட்டது. உட்கார்ந்து மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பன்னிரண்டு பத்துக்கு மந்திரியின் விமானம் பேசியது.

தெளிவான ஆங்கிலத்தில், இத்தனை அடி உயரத்தில் வருகிறேன், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டது. தம்மபாலன் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இன்னொரு குரல் குறுக்கே வராமல் காத்திருந்து, பூ விமானம் நானும் வந்துவிட்டேன் என்றது. ஆகாயத்தில் இருந்த இருவருக்கும் நேரம் தெரிந்திருந்தது.

துளசிராமன் பேச்சை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "யாரு அது?"

"மந்திரியோட பைலட்டு மாணிக்கராஜ். நம்ம வேலூர்க்காரருன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, அவருதான்."

துளசிராமன் முகத்தில் துக்கம் போய் மகிழ்ச்சி வந்து, அதுவும் போய்க் கோபம் வந்தது. "வேலூர்க்காரன் அவன், நீயும் அந்தப் பக்கத்து ஆளு. ரெண்டு பேருக்கும் நடுவுல இங்கிலீஷ் இன்னாத்துக்கு? குடு இங்க." மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி மாணிக்கராஜு, நல்லா இருக்கியாப்பா? நீ செத்துட்டேன்னு நெனச்சு எல்லாம் முடிச்சிட்டோம். பந்தல் மாரிகுப்பம் பக்கமா பாத்துக்கினு இருக்குது. அந்தப் பக்கமா வந்து எறங்கு."

பெட்டி கரகரத்தது. பிறகு அந்த ஆங்கிலக் குரல் கரைந்து தமிழானது. "சரிங்க, அப்படியே வர்றேன்."

தமிழ் தெரியாத வங்காளிக்கு யாரோ பேசியது மட்டும் கேட்டது. யார் எந்தப் பக்கம் வருவதாகச் சொன்னார்கள் என்பது விளங்கவில்லை. பந்தல் மேல் பூத் தூவ மாரிகுப்பம் பக்கம்தான் தோது என்று, அவரும் பூமூட்டையோடு அதே வழியில் தாழ வந்தார்.

சயனைடு மேட்டுக்கு மேலே ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டும் வருவதைத் தம்மபாலன் பார்த்தார். முன்னால் போகிற மாணிக்கராஜுக்குப் பின்னால் வருகிறவரைத் தெரியாது; பின்னால் வருகிற வங்காளியின் கண் கீழே பந்தல் மேல் இருந்தது. தம்மபாலன் மைக்கைப் பறித்தார். எப்போதோ கற்ற ஆங்கிலச் சொற்கள், ஒரு சொல் கூடாமல் குறையாமல் வந்தன. மந்திரி விமானம் மேலே ஏறட்டும். பூ விமானம் இடப்பக்கம் திரும்பட்டும். இருவரும் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும்.

இருவரும் திருப்பிச் சொன்னார்கள். ஒன்று உறுமிக்கொண்டு மேலே ஏறியது. மற்றது சாய்ந்து திரும்பியது. திரும்பின வேகத்தில் ரோஜாப்பூ முழுவதும் மூட்டையோடு மந்திரியின் படத்தின் மேல் விழுந்தது.

பத்து நிமிஷம் கழித்து மந்திரி இறங்கினார். மாலை, ஊதுவத்தி, மலைபோல் பூ, நடுவில் தன் படம் எல்லாவற்றையும் பார்த்தார். "இது யாருக்காக?" என்று கேட்டார். சௌந்தரம் டீச்சர்தான் நடந்ததை மூன்று வரியில் சொன்னார்.

வரவேற்புரை பென்சிலில் மாறிப் போயிருந்ததால் இருந்ததைத்தான் படிக்க முடிந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை மந்திரி அதுவரை கேட்டதே இல்லை போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நகல் வேண்டும் என்றார். டில்லிக்கு இரண்டாவது தந்தி போனது: முந்தைய தந்தியைப் பொருட்படுத்த வேண்டாம், மந்திரி உயிருடன் உள்ளார், கமிட்டி வருந்துகிறது.

மந்திரி சுரங்கத்துக்குள் இறங்கியிருந்த நேரத்தில், விமானத்து இறக்கை நிழலில் மாணிக்கராஜும் தம்மபாலனும் சௌந்தரம் டீச்சர் கொடுத்த தயிர்சோறு சாப்பிட்டார்கள். மாணிக்கராஜ் தம்மபாலன் பக்கம் திரும்பினார்.

"தமிழ்ல கூப்பிட்டதும் வீட்டுல கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுங்க. பின்னாடி ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான், அவனுக்கும் புரியணும்னு தோணவே இல்லை."

துளசிராமன் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அவ்ளோ ஆபத்தா அது?"

தம்மபாலன் சுரங்கத்தின் பக்கம் கை காட்டினார். "ஷாஃப்ட்ல மணியை மூணு தரம் அடிச்சா, கீழ எறங்குற கேஜ் கூண்டுல ஆளு ஏறுறாங்கன்னு அர்த்தம். தெலுங்குக்காரன் ஏறுனாலும் அதே மூணு, நான் ஏறுனாலும் அதே மூணு. மேலே மிஷின் ஓட்டுற டக்ளஸ் துரைக்கு நம்ம பாஷை தெரியாது. ஆளுக்கு ஒரு மணி அடிச்சா இன்னா ஆவும் சார்?"

துளசிராமன் சுரங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மொதல்லயே மணின்னு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்ல," என்றார்.

சாயங்காலம் விமானம் கிளம்பியபோது அவர் ரேடியோப் பெட்டிக்கு அருகில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாணிக்கராஜ் ஆங்கிலத்தில் விடைபெற்றார். தம்மபாலன் ஆங்கிலத்தில் வழியனுப்பினார். ஒரு வார்த்தைகூடப் புரியாத துளசிராமன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொறுப்பாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.