எட்டு நிமிடச் சுற்று

கறுப்பு சொகுசுக் காரை வாங்க வந்து நிற்பவர் தன் அக்கா புருஷன் என்று தெரிந்ததும் டாக்டர் பக்கத்து வண்டிக்குப் பின்னால் பதுங்கப் பார்த்தான்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழைய சொகுசுக் கார்களை விற்கிற அந்த யார்டில் கோளாறு பார்க்கிற ஸ்கேனர் இவன் கையில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். வைத்தியம் என்னவோ அரைகுறைதான். ஸ்கேனரைச் செருகி, டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்கை அழித்துவிடுவான். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறி, வண்டி ஒரு மேட்டில் ஏறினால் விளக்கு மறுபடி எரியும். அதனால்தான் வாங்க வருபவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிற சுற்று எட்டு நிமிடத்தைத் தாண்டாது. அதில் மேடு என்ற பேச்சே கிடையாது. அந்தச் சுற்றை வகுத்துக் கொடுத்த மகராசனும் இவனே.

"மூணு இடத்துல பார்த்தேன் மாப்ள. நீ வேலை பார்க்கிற இடம் இருக்கும்போது வெளியில எதுக்கு வாங்கணும்னு உங்க அக்காதான் விரட்டி அனுப்பினா," என்றார் அத்தான். அடுத்த மாதம் அவருக்கு மலைமேல் வேலை மாற்றம். வாரம் தவறாமல் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அந்த வளைவுச் சாலையில் ஏறி இறங்க வேண்டும்.

இந்த வண்டியை விற்றுவிட்டுப் போனவர் சொன்னது டாக்டரின் காதிலேயே நின்றது. மேட்டில் ஏறும்போது கியர் விட்டுப்போய், பின்னால் உருண்டு, தடுப்புச் சுவரில் முட்டி நின்றதாம். அந்த நசுங்கலையும் தட்டிப் பெயிண்ட் அடித்தாயிற்று.

தனியாக ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. முதலாளி அத்தானின் தோளிலிருந்து கையை எடுத்தால்தானே. "நம்ம டாக்டரோட சொந்தம்னா எங்களுக்கும் சொந்தம் சார். வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம். டாக்டர், நீயும் ஏறு."

அத்தான் ஓட்டினார். முதலாளி பக்கத்தில், இவன் பின்சீட்டில். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அத்தான் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. ஆறாவது நிமிடத்தில் சிக்னல் வந்தது. இடதுபக்கம் திரும்பினால் யார்டு. நேரே போனால் நெரிசலான தொழிற்சாலைச் சாலை, அதைத் தாண்டி மேம்பாலம்.

"லெஃப்ட் சார்," என்றார் முதலாளி.

"நேரா போங்க அத்தான். நெரிசல்ல எப்படி இருக்குன்னும் பார்த்துடுங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். சிரித்தபடியேதான் பார்த்தார். அந்தச் சிரிப்பில் இவன் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தது.

வண்டி இருபது நிமிடம் ஊர்ந்தது. முதலாளி இரண்டு முறை மணியைப் பார்த்தார். டாக்டர் முன்சீட்டின் இடுக்கு வழியே டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் அழித்த விளக்கு எரிய வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட மெக்கானிக் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். விளக்கு எரிந்துவிட்டால் இவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அக்காவும் தப்புவாள், வேலையும் ஒருவேளை தப்பும். ஆசையைப் பாருங்கள்.

மேம்பாலத்தில் பாதி ஏறியபோது வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. எஞ்சின் உறுமியது, சக்கரம் இழுக்கவில்லை. வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அத்தான் பிரேக்கை மிதித்து, மறுபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்த, வண்டி வெடுக்கென்று பிடித்துக்கொண்டு ஏறியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சென்சார் சார்," என்றார் முதலாளி, கொட்டாவி விடுகிற நிதானத்தில். "பெரிய வண்டில இதெல்லாம் சகஜம். கழட்டித் துடைச்சா போச்சு. என்ன டாக்டர், சென்சார்தானே?"

அத்தான் கண்ணாடியில் இவனைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை இருந்தது, கண்ணில் சந்தேகம் துளியும் இல்லை. "நீ சொல்லு மாப்ள. சென்சார்னு நீ சொன்னா இப்பவே எடுத்துக்கறேன்."

இத்தனை பாடுபட்டு எரிய வைத்த விளக்கை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இவனைத்தான் நம்பினார்கள். டாக்டருக்கு அழுகை வந்தது.

"கியர்பாக்ஸ் போயிடுச்சு அத்தான். இதுல அக்காவை ஏத்தாதீங்க. முந்தாநாள் இந்த விளக்கை அழிச்சதே நான்தான்."

பாலம் இறங்கியதும் அத்தான் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். முதலாளி போனை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது.

"சரி, எங்ககிட்ட சொல்லிட்ட," என்றார் அத்தான். 'மாப்ள' காணாமல் போயிருந்தது. "இதுக்கு முன்னாடி எத்தனை வண்டிக்கு அழிச்சுக் கொடுத்திருக்க?"

டாக்டர் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தான். பத்தைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.